பொருள்: மங்கைக்குக் கைப்பேசி வாங்குதல் – தொடர்பாக

ஜூலை 1, திங்கள்

காலை 9.15. சட்டை பேண்ட் போட்டு, பையில் பேனா செருகி, நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆகிறது. போக இடமில்லாவிட்டாலும் ஒரு மனிதன் 9.15-க்குத் தயாராக இருக்க வேண்டும். மங்கை எட்டிப் பார்த்து, "எங்கயாவது கெளம்பறீங்களா?" என்றாள். இல்லை என்றேன். காலையில் வைத்த இரண்டு இட்லியில் ஒன்று தட்டிலேயே இருந்ததைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். நான்கு மாதமாக இதே கேள்வி, இதே பார்வை.

இந்த நாட்குறிப்பு ஜனவரியில் இன்சூரன்ஸ்காரர் கொடுத்தது. ஆறு மாதம் வெறுமனே கிடந்தது. இன்றுதான் எழுதும்படி ஒன்று நடந்தது.

என் மனைவி மங்கையர்க்கரசி ஆரி வேலை செய்கிறவள். கல்யாணப் பெண்களின் ரவிக்கையில் மணி, ஜமிக்கி, ஜரிகை எல்லாம் வைத்துத் தைப்பாள். உறையூரில் அவள் பெயரைச் சொன்னால் தெரியும், என் பெயரைச் சொன்னால் "மங்கையக்கா வீட்டுக்காரரா?" என்பார்கள். பெண்கள் புடவையைப் படமெடுத்து அனுப்புவார்கள், இவள் அதற்கேற்ற நூலைப் படமெடுத்து அனுப்புவாள், அவர்கள் சரி என்றதும் வேலை ஆரம்பிக்கும். ஆனால் அவள் கைப்பேசித் திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு விழுந்து மூன்று மாதம் ஆகிறது. நிறமெல்லாம் அதன் இஷ்டத்துக்குத் தெரிகிறது. இன்று ஒரு பெண், காப்பிக்கொட்டை நிறப் புடவைக்குக் கத்தரிப்பூ நிறத்தில் வேலை செய்திருப்பதாக ரவிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். பத்து நாள் உழைப்பு.

மங்கை வேலை செய்யும் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு மணியாகப் பிரித்தாள். அப்படிப் பிரித்துக்கொண்டே, "ஏங்க, நல்ல போனா ஒண்ணு வாங்கணும். கொஞ்சம் பாருங்களேன்" என்றாள்.

நான்கு மாதத்தில் இந்த வீட்டில் என்னிடம் யாரும் "பாருங்களேன்" என்று சொன்னதில்லை. காய்கறி அவள் வாங்குகிறாள். கேஸ் சிலிண்டருக்கு அவள் சொல்கிறாள். கரண்ட் பில்லைக் கோயம்புத்தூரிலிருந்து மகள் பூங்கோதை கட்டிவிடுகிறாள். இந்த ஒரு விஷயம்தான் என்னிடம் வந்திருக்கிறது. நானோ முப்பத்து நான்கு வருடம் கொள்முதல் பிரிவில் குப்பை கொட்டியவன். குண்டூசியிலிருந்து ஜெனரேட்டர் வரை வாங்கிக் கொடுத்தவன். இதைத் தப்பாகச் செய்தால் அப்புறம் என்னிடம் எதைக் கேட்கப் போகிறார்கள்?

ஜூலை 2, செவ்வாய்

கோப்பு தொடங்கப்பட்டது. எண் 1. அட்டை, நாடா, குறிப்புத் தாள் எல்லாம் நேற்றே வாங்கி வந்தேன். பச்சை மைப் பேனாவும் வாங்கினேன். பணியில் இருந்தவரை பச்சை மையில் கையெழுத்திடும் பதவி எனக்கு வரவில்லை. இப்போது யார் கேட்கப் போகிறார்கள்?

விதி மிகவும் எளிது. முதலில் தேவை என்ன என்று எழுத வேண்டும். பிறகு மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்க வேண்டும். அதன்பின் ஒப்பீட்டுப் பட்டியல், பிறகு ஒப்புதல், கடைசியில்தான் வாங்குவது. சிலர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். முதலில் வாங்கிவிட்டு, அப்புறம் வந்து "சார், வாங்கிட்டோம், ஒப்புதல் குடுங்க" என்று நிற்பார்கள். அதற்குப் பின்னேற்பு என்று பெயர். என் சர்வீஸில் ஒரு பின்னேற்புக் கோப்பைக்கூட நான் பரிந்துரைத்ததில்லை.

என்னோடு வேலை பார்த்த ஞானப்பிரகாசத்தைக் கேட்டால் சொல்வார். கிளை அலுவலகத்தில் இருந்தபோது ஒரு மே மாதம் அனுமதி இல்லாமல் சீலிங் ஃபேன் வாங்கி மாட்டிவிட்டார். "அவசரம்" என்று காரணம் எழுதியிருந்தார். "அவசரம் எல்லோருக்கும்தான் இருக்கிறது" என்று எழுதித் திருப்பினேன். கடைசியில் ஃபேனுக்கு அவரே கைக்காசு போட்டார். அந்த வரியை அலுவலகத்தில் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மங்கையிடமும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 4, வியாழன்

தேவை விவரம் சேகரிக்க மங்கையை நேர்காணல் செய்தேன்.

"திரை எத்தனை அங்குலம்?"

"கைல புடிக்கற மாதிரி."

"ராம் எவ்வளவு?"

"நல்லதா இருக்கட்டும்."

"கேமரா எத்தனை மெகாபிக்சல்?"

"புடவை என்ன கலரோ அந்தக் கலர்ல தெரியணுங்க. வேற ஒண்ணும் வேணாம். எப்ப வாங்கலாம்?"

எந்தக் கேள்விக்கும் முறையான பதில் வரவில்லை. "விவரம் போதாது" என்று குறிப்பெழுதினேன். நிறம் பற்றிச் சொன்னதை மட்டும் அடிக்கோடிட்டேன்.

ஜூலை 8, திங்கள்

இன்று எனக்கு ஒரு யோசனை பிறந்தது. எந்தப் போன் நிறத்தைச் சரியாகக் காட்டுகிறது என்பதற்குப் புடவையைக் கொண்டுபோய்க் கடையிலேயே படமெடுத்துப் பார்ப்பதுதான் சோதனை. விமர்சனம் செய்கிறவர்கள் எல்லாம் பூந்தொட்டியையும் நாயையும் படமெடுக்கிறார்கள். ஒருவனுக்கும் புடவை தோன்றவில்லை.

மங்கையின் பட்டுப்புடவை மூன்றை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ராமர் பச்சை, மயில் கழுத்து, அரக்கு. முதல் கடை வாசலில் காவலாளி பையைப் பார்த்துவிட்டு, "புடவை மாத்தறதுன்னா பக்கத்து பில்டிங் சார்" என்றார். உள்ளே போய் ராமர் பச்சையைக் கண்ணாடி மேஜைமேல் விரித்தேன். போன் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் திரும்பி முந்தானையைத் தடவிப் பார்த்து, "நல்லா இருக்கே, இது எவ்வளவு?" என்றார். விற்பனைக்கு இல்லை என்று விளக்கிச் சொல்வதற்குள் இன்னும் இருவர் வந்துவிட்டார்கள். மேலாளர் வந்து மிக மரியாதையாக என்னை வெளியே அனுப்பிவைத்தார்.

இரண்டாவது, நாச்சியார் கோயில் பக்கம் ஒரு சின்னக் கடை. சபுரா பானு என்ற பெண்மணி நடத்துகிறார். நாற்பது வயது இருக்கும். நான் புடவையை எடுத்ததும் சிரிக்கவில்லை. "டியூப்லைட்டுக்குக் கீழ வெச்சா எந்தக் கலரும் பொய்தான் சொல்லும் சார். வாசலுக்கு வாங்க" என்று தானே முந்தானையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். ஏழு போனில் படமெடுத்தோம். விவரம் தெரிந்த பெண். ஆனால் விலைப்புள்ளியை முத்திரை வைத்து, உறையில் போட்டு ஒட்டித் தர வேண்டும் என்றதும்தான், "சார், போன் வாங்க வந்தீங்களா, கேஸ் போட வந்தீங்களா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து சோதனை முறையை மங்கைக்கு விளக்கினேன். "புடவைய எடுத்துட்டுப் போயா?" என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். "நல்ல யோசனைதாங்க" என்றாள். இரவு நான்கு இட்லி சாப்பிட்டேன். அலைந்ததில் பசி.

ஜூலை 10, புதன்

எந்த நிறுவனத்துக்கும் சாதகம் செய்ததாக இருக்கக் கூடாது என்பதற்காக நிறுவனங்களுக்கு அ, ஆ, இ என்று பெயரிட்டுள்ளேன். மாடல்களுக்கு எண். இப்போது அ-1 முதல் ஈ-3 வரை பதினான்கு உள்ளன. இ-4 பெட்டிக்குள் சார்ஜர் தருவதில்லை என்று தெரிந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டது. நிறச் சோதனையில் அதுதான் முதலிடம். ஆனால் விதி விதிதான்.

ஜூலை 12, வெள்ளி

மங்கை பதினோரு மணிக்கு நூல் வாங்கக் கிளம்பினாள். தோளில் பெரிய பை. அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டாள். நூல் வாங்கவில்லை. கடையில் இல்லையாம். உறையூரில் நூல் இல்லாமல் போவதாவது? அதைவிட ஆச்சரியம், வெறுங்கையோடு வந்தவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

ஜூலை 13, சனி

எனக்கே கொஞ்சம் குற்ற உணர்வாக இருந்தது. பன்னிரண்டு நாள் ஆகிவிட்டதே என்று, "போன் ரொம்ப அவசரமா?" என்று கேட்டேன்.

"ஒரு அவசரமும் இல்லைங்க. நல்லா அலசிப் பாத்து, நிதானமா வாங்குவோம். இன்னும் நாலு கடை வேணும்னாலும் பாத்துட்டு வாங்க" என்றாள்.

முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் முதல் தடவையாக அவளுக்குக் கொள்முதல் விதிகள் புரிந்திருக்கின்றன. மனது நிறைந்தது.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. ஆடித் தள்ளுபடி முடியும்வரை முடிவெடுப்பதற்கில்லை என்று குறிப்பெழுதினேன். மங்கையும், "பின்ன? ஆடி போகட்டும்" என்றாள்.

ஆவணி முகூர்த்தத்துக்கான ரவிக்கைகள் எல்லாம் இப்போதுதான் அவளிடம் வந்து குவிகின்றன. இந்தப் பழைய போனை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிக்கிறாளோ.

ஜூலை 19, வெள்ளி

பழைய போனின் பழுதுப் பட்டியலில் இன்று புதிதாக ஓர் இனம் சேர்ந்தது. கடைத்தெருவிலிருந்து திரும்பும்போது வாசலில் நின்று, பால் வாங்க வேண்டுமா என்று கேட்க அவளுக்குப் போன் போட்டேன். ஜன்னல் வழியே பார்க்கிறேன், போன் ஹால் மேஜைமேல் சும்மா கிடக்கிறது. சத்தம் மட்டும் அவள் வேலை செய்யும் அறையிலிருந்து வருகிறது. "இனம் 7: மணி ஒலி வேறு இடத்திலிருந்து கேட்கிறது. ஒலிபெருக்கிக் கோளாறு" என்று பதிவு செய்தேன்.

மங்கையிடம் சொன்னேன். "ஆமாங்க, அது ரொம்ப நாளா அப்படித்தான்" என்றாள்.

ஜூலை 22, திங்கள்

இனம் 8: பேட்டரி. மூன்று நாளாக 64 சதவிகிதத்திலேயே நிற்கிறது, இறங்கவே மாட்டேன் என்கிறது. எங்கள் பெரியப்பாவும் கடைசி மூன்று நாள் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார். அதே அறிகுறி. அதிக நாள் தாங்காது.

ஜூலை 24, புதன்

ஆனந்தபுரத்துப் பெண் ஒருத்தியின் ரவிக்கை முடிந்து போயிற்று. வெங்காயத்தோல் நிறப் புடவைக்கு அச்சு அசலாகப் பொருந்தியிருக்கிறது என்று அந்தப் பெண் வீடு தேடி வந்து சொன்னாள். இந்த மாதத்தில் ஒரு ரவிக்கைகூடத் திரும்பி வரவில்லை. பச்சைக் கோட்டை வைத்துக்கொண்டே இவ்வளவு துல்லியமாக நிறம் பார்க்கிறாள் என்றால், அது கைராசி.

வேலை அறையில் அவளுக்கு முதுகெல்லாம் வியர்த்து ஒழுகுகிறது. பழைய ஃபேன் பெயருக்குச் சுற்றுகிறது. "வேற ரூம்ல உக்காரலாமே" என்றேன். "ஜன்னல் வெளிச்சம் இங்கதாங்க" என்றாள். நான் வேறெதுவும் கேட்கவில்லை, ஆறாவது கடைக்கு நேரமாகிவிட்டது.

ஜூலை 29, திங்கள்

மங்கையின் ஜமிக்கி டப்பா அதிர்கிறது. பெரிய தகர டப்பா. நான் பார்க்கும்போதே இரண்டு தடவை உர்ர்ரென்றது. தெருவில் லாரி போனால் அப்படி ஆகும் என்றாள். எட்டிப் பார்த்தேன், லாரி போய்விட்டிருந்தது.

மிக்சிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை ஒயர் தொங்கியது. எலி கடித்துவிடும் என்று சுருட்டிப் பரணில் போட்டேன். சாயங்காலம் முழுவதும் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபத்தில் நல்ல கூட்டம். காவிரியில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போயிற்று. எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம். படியில் உட்கார்ந்து சாப்பிடும்போது ஒப்பீட்டுப் பட்டியலின் ஏழாவது நெடுவரிசையைப் பற்றி, அதாவது திரையின் பிரகாச அளவு பற்றி, அவளுக்கு விளக்கினேன். முழுதும் கேட்டாள். "பிரகாசத்துக்கு என்ன அளவுன்னு சொன்னீங்க?" என்று திரும்பவும் கேட்டாள். பூங்கோதைகூடச் சின்ன வயதில் என் பேச்சை இப்படிக் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

ஞானப்பிரகாசம் சாலை முனையில் எதிர்ப்பட்டார். என்னைவிட ஒரு வருடம் முன்னால் ஓய்வு பெற்றவர். புதுப் போன் வைத்திருந்தார். எத்தனை கடை பார்த்தாய் என்று கேட்டேன்.

"ஒரே கடை. போனேன், இது நல்லாருக்கான்னு கேட்டேன், நல்லாருக்குன்னான், வாங்கிட்டேன்."

"அப்புறம் ஏதாவது கோளாறு வந்தா?"

"வந்தா பாத்துக்கறது. சிதம்பரம், உனக்கு அந்த ஃபேன் ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது என்றேன். விதிப்படிதான் செய்தேன் என்றும் சொன்னேன்.

"விதிதான், நான் இல்லேங்கல. டைப்பிஸ்ட் பொண்ணுக்கு ஏழு மாசம். வெயில்ல மயங்கி மெஷின் மேலயே விழுந்துடுச்சு. மூணு கடைல விலை கேட்டு, நீ பட்டியல் போட்டு, மேல போய்க் கீழ வர்றதுக்குள்ள அதுக்குப் பிரசவமே ஆயிருக்கும். அதான் வாங்கி மாட்டினேன்."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டைப்பிஸ்ட் மயங்கியது கோப்பிலேயே இருந்தது. நான் அதைப் படித்திருந்தேன். படித்த பிறகுதான் அந்த வரியை எழுதினேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஒப்பீட்டுப் பட்டியல் முடிந்தது. பதினான்கு மாடல், இருபத்திரண்டு நெடுவரிசை, நான்கு சார்ட் தாள் ஒட்டியது. ஹாலில் விரித்தால் சோபா வரை வருகிறது. மங்கை அதைத் தாண்டித் தாண்டிப் போகிறாள், ஒரு தடவைகூட மிதிக்கவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஆ நிறுவனம் நேற்று மாலை புது மாடல் அறிவித்துவிட்டது. பட்டியலை முதலிலிருந்து போட வேண்டும். மங்கையிடம் சொல்லத் தயங்கினேன். சொன்னதும், "ஐயோ, அப்படியா? பரவாயில்லைங்க, பாவம் நீங்க, மறுபடி அலையணுமே" என்றாள். அவள் முகத்தில் ஒரு துளி வருத்தம்கூட இல்லை. பொறுமையில் அவளை மிஞ்ச ஆளில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். காலை 9.15. சட்டையில் ஒரு பொத்தான் அறுந்திருந்தது. மங்கை கோயிலுக்குப் போயிருந்தாள். நானே தைத்துக்கொள்ளலாம் என்று ஊசி தேடினேன். ஜமிக்கி டப்பாவைத் திறந்தேன்.

மேலே ஜமிக்கிப் பொட்டலங்கள். அடியில், ஒரு ரவிக்கைத் துணியில் சுற்றி, புதுப் போன். தகுதி நீக்கம் செய்யப்பட்ட இ-4.

கையில் எடுத்ததும் திரை ஒளிர்ந்தது. பூங்கோதையிடமிருந்து செய்தி. "அப்பா இன்னிக்கு எந்தக் கடை?"

பிறர் கடிதத்தைப் படிப்பது எனக்குப் பழக்கமில்லை. ஆனால் மங்கைக்கு உலகத்தில் ஒரே ஒரு ரகசிய எண்தான் தெரியும். ஏ.டி.எம்முக்கும் அதுதான், சூட்கேசுக்கும் அதுதான். விரல் தானாகவே அழுத்திவிட்டது.

ஜூலை 12-இலிருந்து தினமும் ஒரு படம். எல்லாம் நான்தான். வாசல் கேட்டைத் திறந்துகொண்டு, கையில் கோப்போடு போகிற என் முதுகு. ஒரு படத்தில் மஞ்சள் பை. ஒரு படத்தில் குடை. ஒவ்வொன்றையும் பூங்கோதைக்கு அனுப்பியிருக்கிறாள்.

"இன்னிக்கும் கெளம்பிட்டார்."

"இன்னிக்கு மூணு தோசை சாப்டார்டி."

"இன்னிக்கு ஞானப்பிரகாசம் அண்ணன் கூட நின்னு பேசிட்டு வந்திருக்கார். நாலு மாசமா அந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கலையே, நான் எவ்வளவு பயந்துட்டேன் தெரியுமா. இப்பதான் எனக்கு மூச்சு வருது."

நேற்று பூங்கோதை கேட்டிருக்கிறாள். "ஆவணி பொறந்துருச்சே, ஃபேன் மாத்திட்டியா இல்லையாம்மா? அந்த ரூம்ல எப்படி உக்கார்ற?"

மங்கை பதில் போட்டிருக்கிறாள். "இப்ப வேணாம். போன் முடியட்டும். அடுத்தது ஃபேன் குடுக்கலாம்னு வெச்சிருக்கேன். எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்கிட்டா அப்பா என்னடி பண்ணுவார்?"

போனைத் துணியில் சுற்றி, இருந்த இடத்தில் வைத்து, மேலே ஜமிக்கியைப் பரப்பி மூடினேன். பொத்தான் தைக்கவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

9.15-க்கு நாற்காலியில் உட்காரவில்லை. படுத்திருந்தேன். மங்கை மூன்று தடவை வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

முதலில் கோபம்தான் வந்தது. முப்பத்து நான்கு வருடம் மற்றவர்கள் வாங்குவதற்கு நான் பரிந்துரை எழுதினேன், என் வீட்டில் எனக்குத் தெரியாமல் கொள்முதல் நடந்து ஒரு மாதம் ஆகிறது. அப்புறம் வெட்கம். அந்தச் சார்ட் தாளை அவள் தாண்டித் தாண்டிப் போனது நினைவுக்கு வந்தது. சாயங்காலம் அவள் அறைக்குப் போய் வாசலில் நின்றேன். ஃபேனை அண்ணாந்து பார்த்தேன். ஒவ்வொரு இறக்கையையும் எண்ண முடிந்தது. கீழே அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ரவிக்கையில் ஒரு மயிலுக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தாள். நாளன்றைக்கு முகூர்த்தம்.

"என்னங்க பண்ணுது ஒடம்புக்கு? போன் இருக்கட்டும், ஒண்ணும் அவசரமில்லை" என்றாள்.  எனக்கு ஒன்றுமில்லை என்றேன். 

ஆகஸ்ட் 21, புதன்

9.15-க்குத் தயார். கோப்போடு கிளம்பினேன். கேட்டுக்கு அருகே போனதும், அவள் படமெடுக்கட்டும் என்று கொஞ்சம் மெதுவாக நடந்தேன்.

பானு கடைக்குப் போய் போனுக்கு ஒரு பின்னட்டை வேண்டும் என்றேன். எந்த மாடலுக்கு என்று அவர் கேட்கவில்லை. நேராக இ-4-க்கு உரியதை எடுத்து வைத்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். மேடம்தான் சொல்லிட்டுப் போனாங்க. சார் வந்து எதைக் கேட்டாலும் சலிக்காம எழுதிக் குடுங்கன்னு."

"எத்தனை மாடல் பார்த்தாங்க?"

"பத்து நிமிஷங்கூட ஆவல சார். பையிலருந்து ஒரு புடவைய எடுத்தாங்க, வாசல் வெயில்ல பிடிச்சாங்க, மூணு போன்ல போட்டோ எடுத்தாங்க, இதுதான்னு எடுத்துட்டாங்க. எப்படி மேடம் இவ்வளவு கரெக்டா டெஸ்ட் பண்றீங்கன்னு கேட்டேன். எங்க வீட்டுக்காரர் கண்டுபிடிச்ச முறைன்னாங்க."

கடையில் இருந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பானு தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு அங்கேயே கோப்பைத் திறந்து, பச்சை மையில் எழுதினேன்.

"பார்வையில் கண்ட பொருள் 12.07 அன்றே கொள்முதல் செய்யப்பட்டுள்ளது. நிறச் சோதனை முறைப்படி நடத்தப்பட்டுள்ளது. தேவையின் அவசரம் ஏற்கப்படுகிறது. பின்னேற்பு வழங்கப்படுகிறது. இனி இவ்வாறு" என்று எழுதி, "நிகழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று வழக்கமாக வரும் மீதியை எழுதாமல் அந்த இரண்டு வார்த்தையையும் அடித்தேன். கையெழுத்திட்டேன். என் முதல் பின்னேற்பு.

வீட்டுக்குத் திரும்பியபோது மங்கை குளித்துக்கொண்டிருந்தாள். தாளையும் பின்னட்டையும் ஜமிக்கி டப்பாவில் போனுக்குமேல் வைத்துவிட்டு மறுபடி வெளியே வந்துவிட்டேன். வீட்டில் நிற்கத் தைரியம் இல்லை.

நேராக ஞானப்பிரகாசம் வீடு. "ஒரு ஃபேன் வாங்கணும், கூட வா" என்றேன்.

"எத்தனை கடை?"

"ஒண்ணு."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். சாலையில் முதலில் தென்பட்ட கடை. எந்த நிறுவனம் என்றுகூடக் கவனிக்கவில்லை. நல்லா சுத்துமா என்று கேட்டேன். சுத்தும் என்றார்கள். மணி 11.20-க்கு வாங்கியாயிற்று. வெளியே வந்ததும் அட்டைப்பெட்டியை அணைத்துக்கொண்டு, "ஞானம், அன்னிக்கு அந்த ஃபேனுக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கணும்" என்றேன்.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ஆமா, போட்டிருக்கணும்" என்றார். "அந்தப் பொண்ணுக்கு மகள் பொறந்துது. அது இப்ப நர்சா இருக்கு. சரி நட, ஆட்டோ கூப்பிடு" என்றார்.

எலக்ட்ரீஷியனையும் வழியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். ஹால் மேஜையில் பழைய போன் இல்லை. இ-4 இருந்தது, பின்னட்டை போட்டு. மங்கை வாசலில் நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என்னையும் பெட்டியையும் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, "அப்படியே நில்லுங்க" என்று என்னை முன்பக்கத்திலிருந்து ஒரு படம் எடுத்தாள்.

ஒரு மணிக்கு ஃபேன் ஓடியது.

ஆகஸ்ட் 22, வியாழன்

முகூர்த்தத்துக்கான ரவிக்கை நேற்று மாலையே போய்ச் சேர்ந்துவிட்டது. இன்று காலை நான் ஒரு முறைகேட்டை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. விலைப்புள்ளி இல்லை, ஒப்பீட்டுப் பட்டியல் இல்லை, முன் அனுமதி இல்லை. கோப்பு எண் 2 தொடங்கி, "பொருள்: சீலிங் ஃபேன். காரணம்: அவசரம். பின்னேற்பு கோரப்படுகிறது" என்று எழுதி, நாடா கட்டி, வேலை அறைக்குக் கொண்டுபோய் மங்கையிடம் சமர்ப்பித்தேன்.

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தாள்.

"மூணு கடைல விசாரிக்காம எப்படிங்க வாங்கினீங்க?"

"காரணம் எழுதியிருக்கேனே. அவசரம்னு."

"அவசரம் எல்லாருக்குந்தான் இருக்கு" என்றாள்.

கையெழுத்துப் போடவில்லை. கோப்பை ஜமிக்கி டப்பாவுக்குமேல் வைத்துவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் நான்கு மணிவரை அது அங்கேயே நிலுவையில் இருக்கிறது. ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது.